மறுத்தால் இருபது, அடித்தால் எச்சரிக்கை

2021 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை சிந்து வெண்கலம் வென்றார். ஹாக்கி அணி பிரிட்டனைத் தோற்கடித்து அரையிறுதிக்குப் போனது. அந்தக் கொண்டாட்டத்தில் காலையில் நடந்தது இங்கே யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. நான் பார்த்ததும் தற்செயல்தான். பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்சா டோக்கியோவில் ஈவன்டிங் போட்டியில் இறங்கியிருந்தார். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இருபது வருடத்துக்குப் பிறகு ஓர் இந்தியர். சேணம் எது, கடிவாளம் எது என்பதைத் தாண்டி அந்த விளையாட்டைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய குதிரை செய்ன்யூர் மெடிகாட் ஒரு தடையில்கூட மறுக்காமல் ஓடி முடித்தபோது, ஏதோ எல்லாம் புரிந்தவன் மாதிரி நானும் கை தட்டினேன்.

அதே காலை, அதே தடத்தில், சுவிட்சர்லாந்தின் ராபின் கோடெல் ஓட்டிய ஜெட் செட் என்ற பதினான்கு வயதுக் குதிரை ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் நொண்ட ஆரம்பித்தது. கோடெல் உடனே நிறுத்தி இறங்கினார். குதிரையை ஆம்புலன்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வலது காலில், குளம்புக்குச் சற்று மேலே, தசைநார் அறுந்திருந்தது. சரிசெய்ய முடியாது. கருணைக்கொலை செய்தார்கள்.

ஓர் உயர் ரகக் குதிரைக்குத் தரக்கூடிய மருத்துவம் அத்தனையும் ஜெட் செட்டுக்குக் கிடைத்தது. கோடெல் செய்ய வேண்டியதைச் செய்தார். அவரைக் குற்றம் சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. மனிதனும் ஓடும்போது தசைநார் அறுபடத்தான் செய்கிறது. ஆனால் அதற்குப் பிறகு இந்த விளையாட்டை விடாமல் பார்க்க ஆரம்பித்தேன், விதிப் புத்தகத்தைப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. குதிரை சாகும்போதெல்லாம் "விபத்து" என்ற சொல்லோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். என் சண்டை விபத்துகளோடு இல்லை, மதிப்பெண் பலகையோடு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈவன்டிங் என்பது ஒரே குதிரை, ஒரே வீரர், மூன்று சோதனைகள். முதலில் டிரெஸ்ஸாஜ், அதாவது சதுரங்கக் கட்டம் போட்ட மாதிரி ஒழுங்காக நடந்து காட்டுவது. அடுத்தது கிராஸ் கண்ட்ரி. கடைசியில் ஷோ ஜம்பிங், தட்டினால் விழுந்துவிடும் கம்புகளைத் தாண்டுவது. உயிர் போகும் இடம் நடுவில் இருப்பதுதான். ஐந்து நட்சத்திரப் போட்டி என்றால் நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகத்தில் ஆறேழு கிலோமீட்டர். வழியில் மரக்கட்டை, பள்ளம், தண்ணீர், சரிவு. திடமான தடையின் உயரம் 1.20 மீட்டர் வரை போகலாம். ஷோ ஜம்பிங் கம்பு மாதிரி அந்தத் தடைகள் விழாது. முன்னங்கால் மாட்டினால் தடை அசையாது, குதிரைதான் குட்டிக்கரணம் அடிக்கும். அரை டன் எடை மேலே, மனிதன் கீழே. இந்த விளையாட்டில் வீரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சாகிறார்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். இங்கே சேரும் புள்ளி எல்லாம் தண்டனைப் புள்ளி, யாருக்குக் குறைவோ அவர் ஜெயிப்பார். குறித்த நேரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு நொடிக்கும் 0.4. தடைக்கு முன்னால் குதிரை நின்றுவிட்டால், அல்லது ஒதுங்கி ஓடிவிட்டால், 20. அதே தடையில் மறுபடி மறுத்தால் 40. அதற்கும் மேல் மறுத்தால் வெளியே.

அந்த 20ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விதிப் புத்தகமே அதை "மறுப்பு" என்றுதான் அழைக்கிறது. குதிரைக்கு வாய் கிடையாது. தடத்தில் அது "வேண்டாம்" என்று சொல்ல ஒரே வழி, நிற்பது. களைத்துப்போயிருக்கலாம், கால் வலிக்கலாம், தடையின் அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், வீரர் தவறான கோணத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம். சும்மா அடம் பிடித்ததாகவும் இருக்கலாம், அதையும் மறுக்கவில்லை. காரணம் எதுவானாலும் விலை 20. அதை எந்த நடுவரும் யோசித்து முடிவு செய்வதில்லை. நின்றதா, நின்றது, எழுது இருபது.

சரி, நின்ற குதிரையை வீரர் சாட்டையால் அடித்தால்?

அதற்கும் விதி இருக்கிறது. ஒரு சம்பவத்துக்கு இரண்டு அடிக்கு மேல் கூடாது. கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அடிக்கக் கூடாது. போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு அடிக்கக் கூடாது. கடைசித் தடையைத் தாண்டிய பிறகும் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மீறினால் என்ன ஆகும் என்று தேடிப்போனால் அங்கே வருவது ஒரு நீளமான ஏணி. வாய்மொழி எச்சரிக்கை, மஞ்சள் அட்டை, அபராதம், அதற்கு மேலே வெளியேற்றம். எந்தப் படியில் நிறுத்துவது என்பது நடுவர் குழுவின் விருப்பம். குதிரை "வேண்டாம்" என்றால் கணக்கு தானாக ஏறிவிடுகிறது. மனிதன் "செய்தே ஆகணும்" என்று அடித்தால் மட்டும் எல்லோரும் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்.

2018 மே மாதம், இங்கிலாந்தின் பாட்மின்டன். 1949 முதல் நடக்கும் போட்டி. இந்த விளையாட்டின் விம்பிள்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலிவர் டவுன்எண்ட் முந்தைய ஆண்டு பர்லியில் ஜெயித்திருந்தார், சில நாள் முன்புதான் கென்டக்கியிலும் ஜெயித்திருந்தார். பாட்மின்டனையும் பிடித்துவிட்டால் கிராண்ட் ஸ்லாம். பரிசு 3,50,000 டாலர். அதுவரை இரண்டே பேர் செய்த சாதனை. கிராஸ் கண்ட்ரி நாளில் இரண்டு குதிரைகளை ஓட்டினார். சாட்டையை அதிகமாகப் பயன்படுத்தியதாக நடுவர் குழு அவரை எச்சரித்தது. ஒரு குதிரைக்கு மட்டும் இல்லை, இரண்டுக்கும் தனித்தனியாக. இரண்டும் வாய்மொழி எச்சரிக்கை. மதிப்பெண் பலகையில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. எச்சரிக்கப்பட்ட இரண்டு குதிரைகளில் ஒன்றான கூலி எஸ்.ஆர்.எஸ். மீது அவர் இரண்டாம் இடத்தில் முடித்தார். கிராண்ட் ஸ்லாம் கைநழுவியதற்குக் காரணம் சாட்டை இல்லை. ஜொனெல் பிரைஸின் கிளாசிக் மோயே அன்று அவரைவிட நன்றாக ஓடியது.

டவுன்எண்ட் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். அன்று எச்சரிக்கை வாங்கித் தந்த இன்னொரு குதிரை, பாலமோர் கிளாஸ், மூன்று வருடம் கழித்து டோக்கியோவில் தங்கம் வென்ற பிரிட்டன் அணியில் ஓடியது. அடித்து நொறுக்கப்பட்ட குதிரை அப்படி ஓடாது. எனக்கு உறுத்துவது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த முடிவுப் பட்டியல்தான். அதை மட்டும் படிக்கிற ஒருவருக்கு முந்தைய நாள் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இதற்குப் பக்கத்தில் டோக்கியோவில் நடந்த இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். குட்டிக்கரண விழுகையைத் தடுக்க, சில தடைகளில் முறியும் ஊசி வைக்கிறார்கள். குறிப்பிட்ட விசைக்கு மேல் குதிரை இடித்தால் ஊசி முறிந்து தடை கீழே இறங்கிவிடும். நல்ல கண்டுபிடிப்பு, உயிர் காக்கும் கண்டுபிடிப்பு. அது முறிந்தால் தண்டனை 11. ஜெர்மனியின் மிக்கேல் யுங், அதற்கு முன்பே இரண்டு முறை தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்தவர், டிரெஸ்ஸாஜ் முடிவில் முதலிடத்தில் இருந்தார். கிராஸ் கண்ட்ரியில் அவருடைய சிப்மங்க்கின் பின்னங்கால் ஒரு மூலைத் தடையில் உரசியது. ஊசி கழன்றது. பதினொன்று! மேல்முறையீடு செய்தும் நிற்கவில்லை. கடைசியில் எட்டாம் இடம். குதிரைக்கு ஒரு கீறலும் இல்லை, வீரர் எந்தத் தவறும் செய்யவில்லை என்று பலரும் வாதாடினார்கள். விதி விதிதான் என்று பதில் வந்தது.

ஆக, பின்னங்கால் உரசினால் பதினொன்று, குதிரை தயங்கினால் இருபது, அளவுக்கு மீறி அடித்தால் "கொஞ்சம் பார்த்து நடந்துக்கோங்க". இந்த மூன்றையும் எழுதியது ஒரே கை. விதி தன்னால் இயங்க வேண்டிய இடம் எது, மனிதாபிமானத்தோடு நெகிழ வேண்டிய இடம் எது என்பதை அந்தக் கை தீர்மானித்திருக்கிறது. நெகிழ்வு முழுக்க மனிதனுக்கே போயிருக்கிறது.

இங்கே வழக்கமாக ஒரு பதில் வரும். "ஐந்நூறு கிலோ மிருகத்தை அறுபது கிலோ மனுஷன் எப்படி வற்புறுத்த முடியும்? அதுக்கு இஷ்டம் இல்லைன்னா ஒரு அடி நகராது." ஆங்கிலத்தில் இதை ஆயிரம் முறை படித்துவிட்டேன். நம்மிடம் இந்த வாதம் எடுபடாது. யானையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நாலு டன் உடம்பைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போக ஒரு முழ அங்குசம் போதும் என்பது நமக்குத் தெரியும். அங்குசத்தின் பலம் இரும்பில் இல்லை, யானையின் ஞாபகத்தில் இருக்கிறது. குதிரைக்கு வாயில் இரும்பு, மூக்கைச் சுற்றி இறுக்கிய பட்டை, விலாவில் குதிமுள், தோளில் சாட்டை. போதாததற்கு அது இரையாகப் பிறந்த விலங்கு. வலியைக் காட்டினால் கூட்டத்தில் முதலில் பிடிபடுவது தான்தான் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. எதிர்ப்பதைவிடப் பணிவதும் ஓடுவதும்தான் அதற்கு எளிது.

வலி தெரியாது, தோல் தடிமன் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டார்கள். மேல்தோலின் தடிமனிலும் சரி, நரம்பு முனைகளின் அடர்த்தியிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சூ டைசன் என்ற பிரிட்டன் கால்நடை மருத்துவர் இன்னும் ஒரு படி போனார். ஓட்டப்படும் குதிரையின் நடத்தையில் 24 அறிகுறிகளைப் பட்டியலிட்டார். காதைப் பின்னால் மடக்குவது, வாயைத் திறப்பது, வாலை வீசுவது, கண்ணின் வெள்ளை தெரிவது இப்படி. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் உடம்பில் எங்கோ எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம். அதைப் படித்த பிறகு நான் எந்தப் போட்டியையும் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. வீரரின் முகத்தை விட்டுவிட்டுக் குதிரையின் வாயைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு விதத்தில் போட்டி பார்க்கும் சுகமே போய்விட்டது.

இன்னொரு பதிலும் உண்டு: "அதுக்குப் பிடிக்குது சார்." இதை நான் அப்படியே தள்ளிவிடத் தயாராக இல்லை. தொடக்கக் கோட்டில் துள்ளி நிற்கும் சில குதிரைகளைப் பார்த்தால், ஓடுவதில் அவற்றுக்கு ஏதோ ஒரு பரவசம் இருக்கிறது என்றே தோன்றுகிறது. இருக்கட்டும். முதல் இரண்டு கிலோமீட்டர் பிடித்தது ஆறாவது கிலோமீட்டரிலும் பிடிக்கிறதா? பிடித்துத்தான் ஓடுகிறது என்றால், பிடிக்காமல் நின்ற நொடிக்கு மட்டும் ஏன் இருபது புள்ளி விலை? நிற்பதை மதிக்காதவர்கள் ஓடுவதைச் சம்மதம் என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறார்கள்.

தடத்தில் நடப்பதாவது கேமராவில் தெரிகிறது. பயிற்சிக் கொட்டகையில்? பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, 2024 ஜூலையில், பிரிட்டனின் டிரெஸ்ஸாஜ் நட்சத்திரம் ஷார்லட் டுஜார்டின் திடீரென்று விலகினார். பயிற்சியின்போது குதிரையின் கால்களில் அவர் நீளச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடிக்கும் வீடியோ வெளிவந்தது. நான்கு வருடம் முன்பு நடந்தது என்று அவரே சொன்னார், வெட்கப்படுவதாகவும் சொன்னார். ஒரு வருடத் தடை, 10,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஈவன்டிங்காரர்கள் பலர் அப்போது, அது டிரெஸ்ஸாஜ் ஆட்களின் பிரச்சினை என்று ஒதுங்கப் பார்த்தார்கள். பாரிஸ் போட்டியின்போதே பிரேசிலின் ஈவன்டிங் வீரர் கார்லோஸ் பாரோவுக்கு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. பயிற்சியில் குதிரையின் கழுத்தை அளவுக்கு மீறி உள்ளே மடக்கி ஓட்டிய புகைப்படம் காரணம். எச்சரிக்கை வாங்கியவர் போட்டியில் தொடர்ந்தார். திரும்பவும் அதே ஏணி, அதே முதல் படி.

அந்தப் புகைப்படத்தைப் புகாராகக் கொடுத்தது பீட்டா. இந்தப் பெயரைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேருக்கு மெரினா ஞாபகம் வந்திருக்கும், எனக்கும் வந்தது. அவர்கள் மேல் நமக்கு இருக்கும் கோபம் வேறு விஷயம், அதை இங்கே இழுக்க மாட்டேன். ஒன்று மட்டும். குதிரைக்காரர்கள் பீட்டாவுக்குச் சொன்ன பதில்களை வரிசையாகப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. "நாங்க பிள்ளை மாதிரி வளர்க்கிறோம், வெளியாளுக்கு என்ன தெரியும், இது எங்க பாரம்பரியம்." 2017 ஜனவரியில் நானும் பேசிய வசனங்கள். பிள்ளை மாதிரி வளர்ப்பது உண்மையாகவே இருக்கலாம், அதை வைத்து அடிக்குக் கணக்கு காட்ட முடியாது.

இந்த விளையாட்டால் மாற முடியாது என்று யாரும் சொல்லட்டும், ஒத்துக்கொள்ள மாட்டேன். மாறிய வரலாறு இருக்கிறது. 1936 பெர்லினில் ஒரு குளத் தடை குதிரைகளை வரிசையாகக் கவிழ்த்தது. அந்தப் போட்டியில் மூன்று குதிரைகள் செத்தன. நினைவில் நின்றது என்னவோ, காறை எலும்பு முறிந்தும் ஓட்டி முடித்து ஜெர்மனிக்குத் தங்கம் வாங்கித் தந்த வாங்கென்ஹைமின் வீரம். அது ராணுவ அதிகாரிகளின் காலம். 1992 பார்சிலோனா வெயிலில் குதிரைகள் துவண்டதைப் பார்த்து உலகமே முகம் சுளித்தது. அடுத்தது அட்லான்டா, இன்னும் புழுக்கம். விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு ஆராய்ச்சி செய்தார்கள், தூரத்தைக் குறைத்தார்கள், தண்ணீர்ப்புகை அடிக்கும் பெரிய விசிறிகள் வைத்தார்கள், கட்டாய ஓய்வு கொடுத்தார்கள். 1996 பெரிய அசம்பாவிதம் இல்லாமல் முடிந்தது. 1999இல் பிரிட்டனில் ஒரே பருவத்தில் ஐந்து வீரர்கள் இறந்தார்கள். அடுத்த வருடமே பாதுகாப்புக் குழுவின் அறிக்கை. முறியும் ஊசி பிறந்தது அந்தத் தேடலில்தான். மனிதன் செத்தால் ஒரு வருடத்தில் அறிக்கை வருகிறது. ஒலிம்பிக்கே கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் வந்தால் நான்கு வருடத்தில் விசிறி வருகிறது.

இப்போது அந்தப் பயம் இருக்கிறது. இருந்தும் திசை விசித்திரமாக இருக்கிறது. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமே 2022இல் ஒரு நலன் ஆணையத்தை அமைத்தது. விளையாட்டில் குதிரைகளைப் பயன்படுத்துவது பற்றிக் கவலைப்படுவதாக, பொதுமக்களில் மூன்றில் இரண்டு பேர் அந்த ஆணையத்தின் கருத்தறிதலில் சொன்னார்கள். அப்படியிருந்தும் 2025 நவம்பரில் ஹாங்காங்கில் கூடிய பொதுக்குழு, ஷோ ஜம்பிங்கில் குதிரையின் விலாவில் ரத்தம் தெரிந்தால் வெளியேற்றம் என்றிருந்த விதியைத் தளர்த்தியது. சிறிய ரத்தம் என்றால் பதிவு செய்யப்பட்ட எச்சரிக்கை போதும். பெரும்பான்மை வாக்கில் நிறைவேறியது. ஒரு சின்னக் கீறலுக்காக வெளியேற்றுவது வீரர்களுக்கு அநியாயம் என்பது வாதம். நியாயமான வாதமாகவே இருக்கட்டும். சிப்மங்க்கின் பின்னங்கால் உரசலுக்கு இந்தக் கருணையை ஏன் காட்டவில்லை? தானாக இயங்கிக்கொண்டிருந்த ஒரே ஒரு குதிரைப் பக்க விதியைத் தேடிப் பிடித்து, அதையும் ஏணியில் ஏற்றிவிட்டார்கள்.

மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் டோக்கியோவிலேயே உதாரணம் உண்டு. ஜெட் செட் இறந்து ஐந்தாம் நாள், நவீன பென்டத்லான். இது வேறு விளையாட்டு, வேறு சம்மேளனம். குலுக்கலில் கிடைத்த குதிரையோடு இருபது நிமிடம் பழகிவிட்டு ஏறி ஓட்ட வேண்டும். முன்னணியில் இருந்த ஜெர்மனியின் அன்னிகா ஷ்லொய்க்குக் கிடைத்தது செயின்ட் பாய். அது தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே சாட்டையால் அடித்தார். பயிற்சியாளர் வேலிக்கு வெளியிலிருந்து குதிரையைக் குத்தினார், அதற்காகப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். நமக்கெல்லாம் அது அன்று மீம். தங்கம் போன பெண்ணின் அழுகையையும் அடம் பிடித்த குதிரையையும் வைத்துச் சிரித்தோம். நானும் ஒன்றை ஃபார்வர்ட் செய்தேன். அந்தச் சம்மேளனம் செய்த தீர்வு எளிமையானது. பாரிஸோடு குதிரையையே விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டது, அந்த இடத்தில் இப்போது மனிதர்கள் தொங்கித் தாவும் தடை ஓட்டம்.

ஈவன்டிங்குக்கு அந்த கதி வர வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. குதிரையை எடுத்துவிட்டால் அங்கே மிச்சம் ஒன்றும் இல்லை. ஒழித்துக்கட்டுங்கள் என்பவர்கள் என்னை மிதவாதி என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். நான் கேட்பது சின்ன விஷயம், செலவில்லாத விஷயம். மூன்றாவது சாட்டையடி விழுந்த நொடியில் 20 புள்ளி ஏறட்டும், தானாக, நடுவரின் மனநிலை எதுவானாலும். களைத்த குதிரையைத் தள்ளி ஓட்டினால் இன்னொரு 20. எல்லாத் தடையிலும் நடுவர் இருக்கிறார், கேமரா இருக்கிறது. பின்னங்கால் உரசலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குக் கை ஓங்குவது தெரியாதா? அன்று பாட்மின்டனில் அந்த 20 இருந்திருந்தால், 3,50,000 டாலர் கண்ணுக்கு முன்னால் தொங்கும்போதும் கை தானாக இறங்கியிருக்கும். அந்தக் குதிரை அன்று தாண்டியிருக்குமா நின்றிருக்குமா என்பது வேறு கேள்வி. நின்றிருந்தாலும் அதற்கும் 20தான், வீரருக்கு இரண்டும் ஒரே விலை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று அவர் யோசிக்கட்டும்.

போட்டி ஒளிபரப்பின்போது திரையின் கீழே ஒரு பட்டை ஓடும். வீரர் பெயர், கொடி, நேரம், மறுப்பு எத்தனை, தண்டனைப் புள்ளி எத்தனை. குதிரையின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தப் பட்டையில் இன்னும் ஒரு எண்ணுக்கு இடம் இருக்கிறது.